உங்கள் தம்பி குடிக்கவில்லை

சண்டிலிப்பாய்
ஆனி 9

அன்பும் மதிப்பும் உள்ள அத்தானுக்கு,

ஞானாம்பிகை எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். தொலைபேசியில் இதைச் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். மகள் கீர்த்திகா இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். உங்கள் தம்பிக்கு இது தெரியாது.

ஆவணித் திருவிழாவுக்கு வந்தாலும் எங்கள் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன், யாழ்ப்பாணத்தில் ஹோட்டலில் தங்குவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்கள். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அத்தான். உங்கள் தம்பி குடிக்கவில்லை.

பங்குனியில் அவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் காலை, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஞானம், வீடு சுத்துது. என்னைப் பிடி, விழப்போறன்" என்றார். படுத்துக் கிடக்கிற மனிதர் விழப்போகிறேன் என்கிறார்! கண்ணைத் திறந்தால் சத்தி எடுத்தார். இடப்பக்கம் நின்று நான் கேட்டது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. பாரிசவாதமோ என்று பயந்து, பக்கத்து வீட்டுக் கனிசியஸின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூளையில் ஒன்றுமில்லை என்று கண்டதும் காது வைத்தியரிடம் அனுப்பினார்கள். காய்ச்சலோடு வந்த கிருமி உட்காதுக்குள் போய் அழற்சி உண்டாக்கியிருக்கிறது என்றார் அந்த டொக்டரம்மா. காதுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நேரா நிக்கிறமோ, சரியிறமோ எண்டு உடம்புக்குச் சொல்லுறதும் உட்காதுதான், அம்மா" என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். சுற்றல் குறையும், நடையும் மெல்ல மெல்லத் திருந்தும், ஆனால் இடது காது திரும்பக் கேட்கும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

கேட்கவில்லை, அத்தான். அந்தக் காதுக்குள் எந்நேரமும் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடுவதுபோல இரைகிறதாம். தொடக்கத்தில், மெசினை நிற்பாட்ட மறந்துபோனோம் என்று எழும்பி எழும்பித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தார்.

கொஞ்சம் தேறியதும், சித்திரைக் கடைசியில் வெங்காயத்தோடு சுன்னாகம் சந்தைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். நானும் கூடப் போனேன். சந்தைக்குள் யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட, சட்டென்று தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். ஒரு மனிசியின் தக்காளிப் பெட்டிக்கு மேலே விழுந்துவிட்டார். தூக்கி நிறுத்தினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகிறார். "காலமையே போட்டிட்டு வந்திட்டார்" என்று ஒருவன் சிரித்தான். "அவருக்குக் காதிலை வருத்தம்!" என்று நான் சத்தம் போட்டேன். "அப்ப காதாலையோ குடிச்சவர்?" என்று கேட்டு இன்னும் சிரித்தார்கள். அந்தக் கதைதான் நீங்கள் இருக்கும் ரொறன்ரோ வரைக்கும் வந்திருக்கிறது.

நீங்கள் தொலைபேசி எடுத்துப் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பாவின் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று நீங்கள் கத்தியது எனக்கே கேட்டது. அவர் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வைத்த பிறகு, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நான் ஏசினேன். "எத்தினை நாளைக்குப் பிறகு, இந்த இரைச்சலையும் தாண்டி அண்ணையின்ரை குரல் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் செவிடாப் போனன் எண்டு தெரிஞ்சால் அண்ணை அங்கை நித்திரை கொள்ளமாட்டார். கோவமாவே இருக்கட்டும்." முகம் கழுவவென்று கிணற்றடிக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. இப்போது நல்ல திருத்தம். டொக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி, நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பழகுகிறார். கீர்த்திகாவும் எதிரே இருந்து அதையே செய்து அவரைச் சிரிக்க வைக்கிறாள். பகலில் தோட்டத்து வரம்பில் தனியே நடக்கிறார். மோட்டார் சைக்கிளை மட்டும் இன்னும் தொட விடவில்லை. ஹோர்ன் சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை.

இருட்டில்தான் பெரும்பாடு. நிலம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கால் தடுமாறுகிறது. அதனால் பொழுதுபட்ட பிறகு கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். நான் கையைப் பிடித்தால், சனம் பார்க்கும் என்று உதறிவிடுகிறார்.

திருவிழாவில் இரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கைப் பாதையில் வெளிச்சமில்லை. முன்னறையைக் கழுவித் துடைத்து உங்களுக்காக வைத்திருக்கிறேன். வாருங்கள், அத்தான். நீங்கள் பிடித்தால் அவர் கையை உதறமாட்டார்.

உங்கள் தம்பி தயாபரனின் மனைவி,
ஞானாம்பிகை