வாயாடியின் கீழுதடு

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். தன் ஆபரேஷனுக்கு நீ வரமுடியாமல் போனதற்காகத்தான் தங்கை உன் போனை எடுப்பதில்லையோ, எழுத்திலேயே பதில் போடுகிறாளோ என்று கேட்டிருந்தாய். கோபமில்லையப்பா. தன் பேச்சை நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். நேற்று அவளே, நீங்க சொல்லிடுங்கப்பா, என்னால முடியாது என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நம் வாயாடிக்குக் கீழ்த்தாடை முன்னுக்கு வளர்ந்து முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இருந்தது உனக்குத் தெரியும். ரொட்டியைக்கூடக் கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் பிய்ப்பாள், மென்றால் காதுக்கு முன்னால் வலி. ஒன்றரை வருடம் பல்லுக்குக் கம்பி போட்ட பிறகு, தாடை எலும்பை அறுத்துப் பின்னுக்குத் தள்ளி வைக்கலாம் என்றார் டாக்டர். அவர் எதையும் மறைக்கவில்லை. ரத்தப்போக்கு, சீழ் பிடிப்பது, தாடை மறுபடி நகர்வது எல்லாம் சொன்னார். அந்த எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அது அடிபட்டால் உதடும் மோவாயும் மரத்துப்போகும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆவதில்லை என்றும் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிலரில் நாம ஏன் வரப்போறோம் என்று நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கண்ணே இடுங்கிவிட்டது. வாய் திறக்காதபடி மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்து ரப்பர் வளையங்களால் கட்டியிருந்தார்கள். வாந்தி வந்தால் உடனே வெட்டிவிடச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தார்கள், வளையம் இருந்த ஆறு வாரமும் அது என் சட்டைப்பையிலேயே இருந்தது. நம் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு, சமைத்ததை அரைத்து இரண்டு முறை வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுப்பேன். உங்க சமையல் அரைச்சாதான் நல்லாயிருக்கு என்று ஒரு நாள் நோட்டில் எழுதிக் காட்டினாள், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள். உன் அம்மா இல்லாத குறையை அந்த ஆறு வாரத்தில்தான் முழுசாக உணர்ந்தேன்.

வளையங்களை எடுத்த பிறகு கீழுதட்டின் வலது பக்கம் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்து, மெல்ல உணர்வு திரும்பியது. இடது பக்கம் வரவேயில்லை. ஒரு நாள் உதட்டைக் கடித்து ரத்தம் வழிவது தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு வேலைக்குத் திரும்பினாள், ஆனால் ப, ம வருகிற ஊர்ப்பெயர்களெல்லாம் நழுவின. பயணிகள் வந்து வந்து கேட்கவும், கொஞ்ச நாளைக்கு முன்பதிவில் உட்காரும்மா என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். அந்தக் கொஞ்ச நாள் இப்போது பத்து மாதம்.

போன வாரம் பதினாலாவது மாதச் சோதனை. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி இடது உதட்டைப் பஞ்சால் தடவினார், பிறகு ஊசிமுனையால் தொட்டார். எப்ப டாக்டர் தொடப்போறீங்க என்று இவள் கேட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். உணர்வு இனி வந்தால் வரட்டும், காத்திருக்க வேண்டாம் என்று அவர் சொன்னபோது, “வலிச்சாக்கூடப் பரவாயில்ல டாக்டர், ஏதாவது தெரிஞ்சா போதும்” என்றாள். அவர் கையுறையைக் கழற்றினார்.

திரும்பி வரும்போது அன்று நான் சொன்ன வார்த்தைக்காகப் பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “கையெழுத்து போட்டது நான்ப்பா. இப்ப தாடை வலிக்கிறதில்ல, ரொட்டிய முன்பல்லால கடிக்கிறேன், அதுவும் நெஜம். இதுவும் நெஜம். ரெண்டுக்கும் சேத்துத்தான் அழறேன்” என்றாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடு, எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சொல் புரியாவிட்டால் சட்டென்று என்னது என்று கேட்காதே, கொஞ்சம் பொறு, அவளே திருப்பிச் சொல்வாள். உன் முதுகுவலிக்கு மாத்திரையோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார். இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போனில் முகம் பார்த்துப் பேசும்போது அவள் உதட்டோரம் ஏதாவது ஒட்டியிருந்தால் வாயால் சொல்லாதே. உன் உதட்டைத் தொட்டுக்கொள். இங்கே நான் அப்படித்தான் செய்கிறேன். அவள் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா