சிவப்பு அம்பு ஒட்டாத பேப்பர்

அக்கா, எனக்கு சீட்டு கெடச்சிருச்சுங்க, கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்லயே, மருத்துவ உதவியாளர் சர்டிபிகேட் கோர்ஸு, செலக்சன் லிஸ்ட்ல ரெண்டாவது பக்கத்துல எம் பேரு இருக்குதுங்க.

ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அப்பறம் உக்காந்துட்டேன். நேத்து வரைக்கும் ஒண்ணரை ஷிப்டு நின்ன காலுங்க இது, குதிக்கச் சொன்னா குதிக்க மாட்டேங்குது. ஊட்ல அம்மா, "அப்பிடியா கண்ணு, சேரி, சோறு உங்கு"ன்னாங்க. அவ்வளவுதான். மத்தபடி நம்ம பனியன் கம்பெனி செக்கிங் டேபிளைத் தட்டிக் கத்தி ஊரைக் கூட்டறதுக்கு நீங்க இல்லீங்களே.

ஒரிஜினல் எல்லாம் எடுத்து வெக்கலாமுன்னு பிளாஸ்டிக் பைலைத் தொறந்தேன். மார்க் ஷீட்டு, டி.சி., ஜாதிச் சான்று. அதுக்கு அடியில நம்ம நோட்டீஸுக. நாலு நர்சிங் இன்ஸ்டிட்யூட் நோட்டீஸு, நாலுலயும் உங்க சிவப்பு அம்பு. பனியன்ல எங்க ஓட்டை, எங்க கறைன்னு காட்டறதுக்கு ஒட்டுவமே, அதே குட்டி ஸ்டிக்கரு. பசை காஞ்சு ஓரமெல்லாம் தூக்கிட்டு நிக்குது. ஒண்ணுல, ஸ்டெதாஸ்கோப் போட்டுட்டு சிரிக்கற பொண்ணோட மூக்கு மேலயே ஒட்டியிருக்கீங்க. ஏன்னா அதே பொண்ணு இன்னொரு இன்ஸ்டிட்யூட் நோட்டீஸுலயும் சிரிக்கறா. "ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல படிக்கிறா பாரு, கெட்டிக்காரி"ன்னீங்க. இன்னிக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க. அப்பறம் தூக்கிட்டு நின்ன அந்த அம்பை வெரலால அமுக்கி ஒட்டிவெச்சேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்க, இதெல்லாம் ஒரு பேட்ஜுல ஆரம்பிச்சது. துணி வாங்கற வெளிநாட்டு பையருக ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கு, ஹெச்.ஆர். வந்து "முதலுதவி"ன்னு எழுதுன பச்சை பேட்ஜை உங்க சட்டையில குத்திட்டுப் போனாரு. ஒரு ட்ரெயினிங்கும் குடுக்கலை. ஆடிட் முடிஞ்ச மறுநாளே ஒரு டெய்லர் அக்காவுக்கு ஊசி வெரல்ல ஏறிருச்சு. எல்லாரும் உங்களையப் பாத்தாங்க. பெட்டியத் தொறந்து வெச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னீங்க. அன்னிக்கு மத்தியானம் நீங்க சாப்படலை. "பேட்ஜை மாட்டிக்கிட்டு பொம்மை கணக்கா நின்னேன்டி. இத ஒழுங்கா படிச்சே ஆகணும்"னு சொன்னீங்க.

சொன்னதுமே போனை எடுத்தது யாருங்க? நாந்தான். எனக்குத்தான் எல்லா ரீல்ஸும் தெரியுமே. நர்சிங் சொல்லித்தர்ற ஒரு இன்ஸ்டிட்யூட்டோட ஒரு வீடியோ விடாம பாத்து, லைக் போட்டு, ஹார்ட் போட்டு, அவங்களே ரிப்ளை பண்ற அளவுக்கு நான் பெரிய ஃபேனுங்க. ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் போனோம். ஏ.சி. ரூமு, பொம்மைக்கு ஊசி போடற டேபிளு. சுவத்துல ஃப்ரேம் போட்டு ஒரு சர்டிபிகேட்டு. நாந்தான் உங்க கையைப் புடிச்சு இழுத்துக் காட்டுனேன்.

"அக்கா, இங்க பாருங்க, நம்ம கம்பெனி ரிசப்ஷன்ல இருக்கறதேதான். அதே முத்திரை."

"நெசமாவாடி?"

"பையரே இதைய பாத்துத்தான் ஆர்டர் குடுக்கறாங்க. நம்ம நம்பக்கூடாதுங்களா?"

நீங்க அன்னிக்கே சேந்துட்டீங்க. எனக்கு ப்ளஸ் டூல ஒரு அரியர் பாக்கி இருந்துச்சு, அடுத்த வருசம் வர்றேன்னேன்.

ஒரு வருசம் ஞாயித்துக்கெழமையே இல்லீங்க உங்களுக்கு. கம்பெனி ஹாஸ்டல்ல ஒருத்தர் கையை விடாம பிரஷர் பாத்தீங்க. ஒடிசாப் புள்ளைங்ககிட்ட தெரிஞ்ச ரெண்டு ஹிந்தி வார்த்தையில தலை சுத்துதான்னு கேப்பீங்க. உண்மையாலுமே நல்லாக் கத்துக்கிட்டீங்க.

அப்பறம் வேலைக்குன்னு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபீஸ்ல இருந்தவரு உங்க சர்டிபிகேட்டை வாங்கி, பின்னால திருப்பிப் பாத்து, மறுபடி முன்னால திருப்பிப் பாத்து, "இது எந்த போர்டுங்கம்மா? பரீட்சை யாரு வெச்சாங்க?"ன்னாரு. கோவமா எல்லாம் கேக்கலை. பாவப்பட்டுத்தான் கேட்டாரு. இன்ஸ்டிட்யூட்காரங்களே வெச்சாங்கன்னு நீங்க சொன்னீங்க. அவரு சர்டிபிகேட்டை மடங்காம திருப்பிக் குடுத்தாரு.

பஸ்ல நான் தலையத் தூக்கலீங்க. நீங்கதான் பேசுனீங்க. "அந்தச் சுவத்துல இருந்தது ஆபீசுக்குக் குடுத்த சர்டிபிகேட்டுடி. ஆபீசு ஒழுங்கா நடக்குதுன்னு குடுத்திருக்காய்ங்க. கோர்ஸுக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல."

"நாந்தானுங்களே காட்டுனேன்."

"நீ காட்டுன, நான் பாத்தேன். ரெண்டு பேரும் செக்கரு. பனியன் பீஸை உள்பக்கம் திருப்பாம பாஸ் பண்ணிட்டோம். இதுக்குப் போயி அழுவியா? அப்புறம் இந்த 'ங்க' போடறதை நிறுத்து, கெழவி மாதிரி இருக்கு எனக்கு."

திங்கக்கெழமை மறுபடியும் அதே டேபிள்ல வந்து நின்னீங்க. அந்த ஒரு வருசத்தை நான் உங்களுக்கு எப்பிடித் திருப்பிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. இப்பவும் தெரியலை.

அதுக்கப்பறந்தான் இந்த அம்பு. நான் புடிச்சுட்டு வர்ற ஒவ்வொரு நோட்டீஸுக்கும் லஞ்ச் பிரேக்ல ஸ்பீக்கர்ல போட்டு விசாரணை. உங்க சிவகங்கைக் கொரலு கணீர்னு இருக்கும், கட்டிங் செக்சன் வரைக்கும் கேக்கும்.

"சார், கோர்ஸுக்கு அங்கீகாரம் யாரு குடுத்தது?"

"மேடம், நம்முளுது இன்டர்நேஷனல் லெவலுங்க."

"அதுக்கு முன்னாடி தமிழ்நாடு லெவல்ல யாரு சார்?"

போனை வெச்சுட்டாரு. நீங்க அம்பை உரிச்சு நெத்தியில ஒட்டுனீங்க, நோட்டீஸோட நெத்தியிலதான். அப்பிடியே நாலு ஆச்சு.

அஞ்சாவது, நோட்டீஸே இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில படுத்திருந்தப்ப கெடச்சது. பிரஷர் பாக்க ஒரு ஸ்டூடன்ட் பொண்ணு வந்துச்சு. நீங்க கண்ணைக்கூட முழுசாத் தொறக்கலை, "பட்டையக் கொஞ்சம் மேல கட்டும்மா"ன்னீங்க.

"அக்கா, நீங்களும் நர்ஸுங்களா?"

"இல்லம்மா, செக்கரு. நீ எங்க படிக்கிற?"

"இங்கயேதானுங்க, மெடிக்கல் காலேஜ்ல. ஒரு வருச கோர்ஸு."

"பரீட்சை யாரு வெக்கிறாய்ங்க?"

"கவர்மென்டுதானுங்க. கையை ஆட்டாதீங்க, ரீடிங் தப்பா வருது."

"சர்டிபிகேட்ல யாரு கையெழுத்து?"

"இத்தனை காய்ச்சல்ல இன்டர்வியூ எடுக்கறீங்களேக்கா"ன்னு அது சிரிச்சுது. நீங்க என்னையப் பாத்து, "பேசாம நிக்காத, எழுதுடி"ன்னீங்க. கைக்குக் கெடச்சது ரத்த டெஸ்ட்டு சீட்டு. அதுக்குப் பின்னால எழுதுனேன். கோர்ஸ் பேரு, எப்ப அப்ளிகேஷன் குடுப்பாங்க, ப்ளஸ் டூல என்ன பாடம் வேணும், எல்லாம். நீங்க வாங்கி, ஊசி குத்துன கையிலயே முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தீங்க.

"இதுல அம்பு ஒட்ட எடமில்ல. அப்ளிகேஷன் போடு."

"நீங்களும் போடுங்க."

"ரெண்டு பேரும் போடுவோம்."

ரெண்டு நாள்ல ரத்தத்துல பிளேட்லெட் எறங்கிருச்சுன்னாங்க. மூணாம் நாள் விடியறப்ப நீங்க இல்லீங்க. உங்க அண்ணன் வந்து உங்களைய ஊருக்கு வண்டியில கூட்டிட்டுப் போனப்ப, உங்க பையை அவருகிட்டக் குடுத்தது நாந்தான். செக்கிங் டேபிள்ல இருந்த ஸ்டிக்கர் டப்பாவை மட்டும் குடுக்கலீங்க.

அப்ளிகேஷன் ஒண்ணுதான் போட்டேன். போடறதுக்கு முன்னால காலேஜ் ஆபீசுக்கே போயி நீங்க கேட்ட கேள்வி எல்லாம் மறுபடி கேட்டேன். அங்க இருந்தவரு, "ஏனுங்கம்மா, கவர்மென்ட் காலேஜையே சந்தேகப்படறீங்களா?"ன்னாரு. ஒரு தடவை நம்பிட்டோமுங்கன்னு சொன்னேன். கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுத்த கவர்மென்ட் உத்தரவு காப்பியை எடுத்துக் காட்டுனாரு. உள்பக்கமும் பாத்தேனுங்க.

சந்தோசம்தான். ஆனா ரொம்ப அலுப்பா இருக்குதுங்க. சூப்பர்வைசரு, "ஒரு வருசம் கழிச்சு இங்கதான வருவ"ங்கறாரு. நீங்க கோர்ஸ் முடிச்சும் அதே டேபிளுக்கு வந்தீங்களே, அதை நெனச்சுத்தான் சொல்றாரு. திங்கக்கெழமை வெள்ளைக் கோட்டுக்கு அளவு குடுக்கப் போறேன். முதல் நாள் யாரோட கையிலயோ பட்டையைக் கட்டறப்ப, கொஞ்சம் மேல தள்ளித்தான் கட்டுவேன்.

இதைய எல்லாரும் படிக்கற மாதிரியே போடறேனுங்க அக்கா, திட்டாதீங்க. படிக்கறவங்களே, உங்க கம்பெனியிலயோ ஹாஸ்டல்லயோ யாராவது நர்சிங் உதவியாளர், லேப், எந்த கோர்ஸுக்காவது சேரப்போறாங்கன்னா, காசு கட்டறதுக்கு முன்னால அந்த நோட்டீஸை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ரெண்டு பக்கமும் எடுங்க. நான் போன் போட்டுக் கேக்கறேன். டப்பாவுல இன்னும் நெறைய அம்பு இருக்குதுங்க.