பதினோரு வருஷக் கல்சட்டி

விருத்தாசலம்
2-4-1974

அன்பு மச்சான் தனக்கோடிக்கு,

நலம். மானக்கேடான சங்கதி ஒன்று, படித்ததும் கிழித்துவிடு. பவுடர் அடைத்து அழுத்தும் கிண்ணங்கள் கடைந்து தரச் சொல்லி நீ அனுப்பினாயே சீமை மாக்கல், அதை நான் வெடிக்கவிட்டேன். "பத்து வருஷமா சூளையோட குடித்தனம் நடத்துறவன் நான்" என்று நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசிவிட்டு, ஈரம் போக்காமல் சுட்டேன். பொரியாகப் போயிற்று. நாலு பேரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

பதினைந்தாம் தேதி ஆராய்ச்சிக்கூட டைரக்டர் முன்னால் அந்தப் பவுடரை வைரம் மாதிரி இறுக்கிக் காட்டாவிட்டால் உன் வேலை நிரந்தரமாகாது என்று எழுதியிருந்தாய். வேறு கல் கிடையாது. உன் அக்கா அம்சவல்லி பெண்ணாடம் போயிருக்கிறாள். அவள் கல்சட்டியும் மாக்கல்தானே? கடைசலில் ஏற்றிவிட்டேன். கட்டைவிரல் மொத்தத்தில் ஆறு கிண்ணங்கள் இத்துடன் வருகின்றன. சிவப்புப் புள்ளி வைத்தவை விளிம்பில் எடுத்தவை, மற்றவை அடிப்பாகம்.

பயப்படாதே. பதினோரு வருஷம் வத்தக்குழம்பும் நல்லெண்ணெயும் ஊறிய கல். எந்த அழுத்தத்துக்கும் அசையாது. உன் அக்கா தேய்ப்பைப் பாரேன், ஒரு பொட்டுக் கரி இல்லை! அறுக்கும்போது எனக்குக் கண் கலங்கியது, கல்தூள்தான், வேறொன்றுமில்லை. அவளிடம் மூச்சு விடாதே.

மாமா,
விருத்தகிரி

பெங்களூர்
17-4-1974

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஊருக்கே ஓடிவந்துவிடலாமா என்று யோசித்தேன். வேறு வழியில்லாமல், முகப்பவுடர் போல வழுக்கும் அந்தப் போரான் நைட்ரைடில் ஒரு சிட்டிகை மக்னீசியம் கலந்து, சிவப்புப் புள்ளிக் கிண்ணத்தில் அடைத்தேன். காற்றழுத்தத்தைப் போல அறுபதாயிரம் மடங்கு. ஆயிரத்தைந்நூறு டிகிரி சூடு. வெடித்தது பாருங்கள்! டைரக்டர் மேஜைக்கு அடியில். அங்கிருந்தே, "இன்னொண்ணு இருக்காய்யா?" என்றார்.

அடிப்பாகக் கிண்ணம் நின்றது மாமா! பிசைந்த மாவு போல நெகிழ்ந்து, நாலா பக்கமும் சமமாக அழுத்தியது. வெறும் சூட்டுக்கு அந்தப் பவுடர் அசையாது. சூடும் அழுத்தமும் சேர்ந்தால்தான் உள்ளடுக்கு மாறும். திறந்தால், ரவை போலக் கறுப்புக் குருணை. கண்ணாடியைக் கீறியது. டைரக்டர் தன் மோதிரத்து நீலக்கல்லை நீட்டினார், அதையும் கீறியது. இதற்கு மேல் வைரம்தான்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. கல்லின் ரகசியத்தைக் கேட்டார். விளிம்புவரை குழம்பு ஏறாததால்தான் முதல் கிண்ணம் வெடித்தது என்று விளக்கினேன். "பதினோரு ஆண்டுகள் எண்ணெயிலும் புளியிலும் பதப்படுத்திய மாக்கல்" என்று அறிக்கை எழுதி டில்லிக்கே அனுப்பிவிட்டார்.

தங்கள்,
தனக்கோடி

விருத்தாசலம்
24-4-1974

அன்பு மச்சானுக்கு,

சொன்னேனா இல்லையா! அந்த நாலு பேரையும் மறுபடி கூட்டி, குழம்பு ஊறினால் கல் ஏன் வெடிக்காது என்று ஒரு மணி நேரம் பேசினேன். இந்தத் தடவை காபியை அங்கேயே வரவழைத்துவிட்டேன். ஒருத்தரும் நகர முடியவில்லை.

நேற்று உன் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நானே முந்திக்கொண்டேன். "சட்டிய அறுத்துட்டன் அம்சா. ஆனா ஒன் கொழம்பு பேரு டில்லி வரைக்கும் போயிருக்குது!" அவள் திட்டவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம்தான். வீட்டுக்கு வந்து கைமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே கரியேறிய கல்சட்டி.

"இத வுட்டுட்டு எங்கம்மா வூட்டுக்கு நான் என்னைக்குங்க போயிருக்கறன்? நீங்க அறுத்தது இந்த மாசிமகத்துல வாங்கனது. இன்னும் அடுப்புலயே ஏத்தல."

மாமா,
விருத்தகிரி