பத்தாவது ஆள்

சிஞ்சோலி, அலிபாக் வழி
20 நவம்பர் 2016

அன்புத் தங்கை மில்காவுக்கு,

உன் அண்ணன் ஹஸ்கேல் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. அப்ஷலோம் பக்கத்தில் இல்லை. இதுவரை உன் கடிதங்களைப் படித்துச் சொன்னதும், நான் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் அவன்தானே. இந்த ஒன்று அவனுக்குத் தெரியாது. முதல் நாள் உன் பெயரை மட்டும் எழுதினேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ஐந்தாம் நாள்.

எப்படி என்று கேட்பாய். உங்கள் தேசத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பையன் நெவோ, பெண் ஷாகெத். பதினெட்டு வயதுதான். ராணுவத்துக்குப் போகும் முன் ஒரு வருடம் நம் யூத ஜனங்களோடு இருந்து ஊழியம் செய்யப் போகிறார்களாம். ஆகஸ்ட் வரை இருப்பார்கள். பிள்ளைகளுக்கு எபிரேயப் பாட்டுச் சொல்லித்தருகிறார்கள். ஜெப ஆலயத்துக்கு வெள்ளையடித்தார்கள். சம்பளம் கிடையாது. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. சும்மா யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா?

அப்ஷலோமுக்கு என்னைவிடச் சந்தேகம். ஆலயத்தின் சாவி அவனிடம்தானே இருக்கிறது. "ஆள் பிடிக்க வந்திருக்காங்கடா. அந்தப் பையன் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் நோட்டுல என்னமோ எழுதறான். யாரை எப்போ அவங்க ஊருக்குக் கப்பல் ஏத்தலாம்னு கணக்கு" என்கிறான்.

நோட்டு இருப்பது உண்மை. நானும் பார்த்தேன். அது எந்த மொழி எழுத்து என்றுகூடத் தெரியாமல், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

அதற்கும் அந்தப் பையனே வழிசெய்தான். ஒரு சனிக்கிழமை தொழுகை முடிந்து என் பக்கத்தில் வந்து, உடைந்த மராத்தியில், "மாமா, எல்லாரும் பக்கம் திருப்பறாங்க, நீங்க மட்டும் திருப்பவே இல்லையே" என்றான். அறுபது வருடமாக மனப்பாடத்தை வைத்து ஓட்டியவன் நான். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. "யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். "எனக்கும் உங்க ஊர் பஸ் போர்டு படிக்கத் தெரியலை, நீங்களும் சொல்லாதீங்க" என்றான். அதன்பிறகு அங்கன்வாடி டீச்சரிடம் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து மராத்தி எழுத்துப் படித்தோம். அவன் சீக்கிரம் படித்துவிட்டான், திருட்டுப் பயல்.

உன் உடம்பு எப்படி? காது இப்போதாவது கேட்கிறதா? போனில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஹஸ்கேல் (நானே எழுதியது)


திமோனா
18 டிசம்பர் 2016

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணன்தான் என்றால்,

கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். நம்ப முடியவில்லை.

என் அண்ணனுக்கு எழுத்து வராது. அப்பா பிரம்பை முறித்தும் வரவில்லை. இத்தனை வருடமாக வந்தது அப்ஷலோமின் அழகான கையெழுத்து. இதுவோ கோழி கிளறியது போல இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளில் யாராவது விளையாடுகிறீர்களா? இங்கே என் மாடி வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். போன வருடம் மெக்சிகோவுக்கு ஊழியம் செய்யப் போனாள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எதிலும் மூக்கை நுழைப்பார்கள்.

அதனால் ஒரு கேள்வி. அப்போது எனக்கு ஒன்பது வயது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கதவடைப்பு நோன்பு அன்று, வீடே வெள்ளை உடுத்தித் தொழுதுகொண்டிருந்தபோது, நானும் அண்ணனும் என்ன செய்தோம்? இது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சரியாகச் சொன்னால் நம்புகிறேன்.

நீ அண்ணன்தான் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன், என் வீட்டுக்காரர் இறந்தபின், நாலு கடிதத்தில் ஒரே விஷயத்தைக் கேட்டேன். நீ ஒரு தரமாவது மாட்டேன் என்று எழுதியிருக்கலாம். மாம்பூ நன்றாகப் பிடித்திருக்கிறது, அலிபாக்கில் மழை என்றுதான் எழுதினாய். அதன்பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். இப்போதும் கேட்கவில்லை.

மில்கா


சிஞ்சோலி
29 ஜனவரி 2017

அன்புத் தங்கைக்கு,

மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறி உப்புத் தொட்டுப் புளியங்காய் தின்றோம். நீ இறங்கி வந்து அப்பா காலடியிலேயே வாந்தி எடுத்தாய். "நோன்பு தாங்கலை அவளுக்கு" என்று நான் சொன்னேன். அப்பா உன்னைத் தூக்கி முத்தமிட்டார். போதுமா? இனியாவது நம்பு.

நீ என்ன கேட்டாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது மில்கா. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆனது. பாதிக்குமேல் எனக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். அப்ஷலோம் படித்துச் சொன்னது. அப்புறம் அந்த இடம் வந்தது. விரலை வைத்துப் படித்தேன். "அண்ணியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, அங்கே தனியாக என்ன செய்கிறாய்? ஜன்னல் வைத்த அறை சும்மா கிடக்கிறது. என்னோடு வந்து இரு."

இந்த வரியை அப்ஷலோம் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நாலு கடிதத்திலும் இருக்கிறது. நாலிலும் கேட்டதில்லை.

நேராக ஆலயத்துக்குப் போனேன். அப்ஷலோம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். கடிதத்தை நீட்டி, "இதைப் படி" என்றேன்.

அவன் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "எழுத்து வந்துடுச்சா உனக்கு?" என்றான்.

"ஏன்டா மறைச்சே?"

"எண்ணிப் பாருடா. நாம மொத்தம் எத்தனை ஆம்பளைங்க? பத்து. நீ போயிட்டா ஒன்பது. பத்து ஆம்பளை கூடாம நம்ம தொழுகையே நடக்காது. ஒன்பது பேரை வெச்சு என்னத்தைத் தொழுறது? கதவைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட வேண்டியதுதான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. நானே இருக்கேன்னு சொல்லியிருப்பேனே."

"போறேன்னு சொல்லியிருந்தா?"

அவனும் கிழவன். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விளக்கின் பக்கம் திரும்பினான். "ஆள் பிடிக்க வந்தவங்கன்னு அந்தப் பிள்ளைங்களைச் சொன்னியே, ஆளைப் பிடிச்சு வெச்சிருந்தது நீதானேடா" என்று கத்திவிட்டு வந்தேன். எட்டு நாள் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை மட்டும் போனேன். போகாமல் எப்படி இருக்க முடியும்?

நோட்டையும் பார்த்துவிட்டேன். நெவோ அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். முன்பக்கமெல்லாம் அவன் மொழி. டீச்சரிடம் படித்தபின் எழுதிய கடைசிப் பக்கத்தில், கோணல் மராத்தியில் எங்கள் பத்துப் பேரின் பெயர். பக்கத்தில் ஒவ்வொரு வரி. என் பெயருக்கு எதிரே: "பல் இல்லை. மலிதா படையலில் இவருக்கு அவலை நன்றாக ஊறவைக்கணும். பக்கம் எண்ணைக் காதில் சொல்லணும்." அவ்வளவுதான். பத்துப் பெயருக்குக் கீழே பதினொன்றாவதாகத் தன் பெயரை எழுதியிருந்தான்.

பெயர்களை விரல்விட்டு எண்ணினேன் மில்கா. பதினொன்று. இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் இல்லாவிட்டாலும் பத்து நிறையும்.

நேற்று அப்ஷலோமிடம் போனேன். "பஸ்கா பண்டிகைக்கு என் தங்கச்சிகிட்ட போறேன். ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பையன் என் இடத்துல நிப்பான்" என்றேன். அவன் ஆலயச் சாவியை எடுத்து மடியில் செருகினான். பிறகு, "திரும்பி வருவியா?" என்றான். "கடுதாசி போடறேன். நானே எழுதிப் போடறேன், நீயே படிச்சுக்கோ" என்றேன்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த அறை இன்னும் சும்மா கிடக்கிறதா? ஒன்பது வருடம் தாமதமாகக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
ஹஸ்கேல்


திமோனா
21 பிப்ரவரி 2017

அன்புள்ள அண்ணா,

புளியங்காய் சரி. ஆனால் நீ அப்பாவிடம் சொன்னது அது இல்லை. "இவ உங்களைவிட பக்தியா நோன்பு இருக்கா" என்றாய். வாந்தி எடுத்த எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் நம்பிவிட்டேன்.

அப்ஷலோம் விஷயத்தைப் படித்ததும் அவனுக்குத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். என் கையெழுத்தை இந்த உலகத்தில் இத்தனை வருடம் கவனமாகப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

ஆகஸ்ட் வரை என்று எழுதியிருக்கிறாய். அங்கே அந்தப் பையன் மூட்டை கட்டும் நாளில் நீயும் இங்கிருந்து மூட்டை கட்டுவாய் என்று எனக்குச் சந்தேகம். பெரிய சந்தேகம். அதை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அறை சும்மா இல்லை. வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை எல்லாவற்றையும் அள்ளி வெளியே வைத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் வாடை போய்விடும்.

மில்கா