பதினெட்டு கிலோமீட்டர்

ஜூன் 9, திங்கள்

வேனுக்கு ஆயில் மாற்றினேன். என் கைவேகத்தைப் பார்த்து மெக்கானிக் பேச்சே வராமல் நின்றான். வாயில் நாலு ஸ்குரூ கடித்துக்கொண்டிருந்தான், அது வேறு விஷயம்.

அக்கா மகள் சைக்கிளில் சாதனை செய்யப் போகிறாள். ஆறு நாளில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று யாரோ ஒரு பெண் ஓட்டி வைத்திருக்கிறாளாம். அதைத் தாண்ட வேண்டும். பின்னால் வேனில் போவதும், நின்ற இடமெல்லாம் தூரத்தைச் சாட்சிப் புத்தகத்தில் எழுதுவதும் என் பொறுப்பு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். எனக்குத் தெரியாத ரோட்டை இனிமேல்தான் போட வேண்டும். படிப்பு ஆறாவதோடு சரி. ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் கண் கலங்கியிருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

அக்கா மகளுக்கு முப்பத்தொன்பது வயது. எனக்கு எப்போதும் பாப்பாதான். மருந்துக்கடையில் வேலை, மாத்திரையை இரண்டு தரம் எண்ணாமல் கொடுக்க மாட்டாள். இருபத்தேழாம் தேதி அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு சைக்கிளில் தூரப் பயணம் கிடையாது, ஆசையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவும் இந்த மாதம்தான். ரேடியோவில் ஒரு வாரத்துக்குப் புயல்மழை என்கிறான். என்ன செய்ய? மழைக்கு லீவு கொடுக்க முடியுமா?

அக்காதான் குறுக்கே வந்தாள். "புத்தகத்த இவன்கிட்டயா குடுக்குற? நாலு பேரு நின்னா நாப்பது பேருன்னு சொல்றவன்டி!"

பாப்பா சிரித்தாள். "ஊருக்குச் சொல்லுவாரு. எனக்குச் சொல்ல மாட்டாரும்மா."

ஜூன் 16, திங்கள்

பகல் பன்னிரண்டுக்கு சைக்கிள் கிளப் செயலாளர் விசில் ஊதினார். வழியனுப்ப ஆயிரம் பேர். சரி, பதினோரு பேர், ஒரு நாய். நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தது.

மழை மேலே இருந்து வரவில்லை. எதிரே இருந்து வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பகல் பன்னிரண்டு வரை இருநூற்று நாற்பத்தாறு. வைப்பர் ஒன்று பறந்து போயிற்று. இன்னொன்று அழுதுகொண்டே வேலை செய்கிறது.

ஜூன் 18, புதன்

சைக்கிளில் மாட்டியிருந்த மீட்டருக்குள் தண்ணீர் போய் அது கண்ணை மூடிவிட்டது. என் வேன் மீட்டர் ஐந்து வருஷமாக ஒரே எண்ணில் தவம் இருக்கிறது. ஆகவே இனி ரோட்டோரக் கிலோமீட்டர் கல்தான் கணக்கு. எண்ணுகிறவன் நான்.

பெரிய பாலத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரை இருபத்தேழு கல். பங்கில் நிறுத்தினாள். பிரேக்கைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை, ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன். உதடு நீலம்.

"எவ்ளோ மாமா?"

முப்பத்தொன்று என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக.

"அவ்ளோவா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் தெம்பு வந்து ஏறி மிதித்தாள் பார்! புத்தகத்தை அவளும் பார்ப்பாள் என்பதால் அதிலும் முப்பத்தொன்று என்றே போட்டேன். காற்று திரும்பி அவள் வேகம் பிடித்ததும் கழித்துக்கொள்ளலாம். நாலு கிலோமீட்டர் என்ன சமுத்திரமா?

ஜூன் 20, வெள்ளி

காற்று திரும்பவில்லை.

நேற்று ஐந்து கூட்டிப் போட்டேன். இன்று காலை நாலு, சாயங்காலம் ஐந்து. புதன்கிழமை நாலோடு ஆக மொத்தம் பதினெட்டு. கழிக்கலாம் என்று பேனாவை எடுத்தால் அவள் முகம் வந்து நிற்கிறது. மத்தியானம் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். தட்டிக்கொடுக்கப் போனேன். "நம்பர் மட்டும் சொல்லுங்க மாமா. வேற எதுவும் சொல்லாதீங்க. அதப் புடிச்சுக்கிட்டுதான் ஓட்டறேன்."

நாளை கழித்துவிடுகிறேன்.

ஜூன் 21, சனி

கழிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலை பத்து நாற்பது. புத்தகத்தில் ஆயிரத்து ஐந்நூற்று நாலு. அதைச் சொன்னதும் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா, மழையில் எனக்குத் தெரியவில்லை.

உண்மைக் கணக்கு ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு. தாண்டுவதற்குப் பதினைந்து குறைகிறது. நேரம் இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கிறது.

"இன்னொரு இருபது ஓட்டிடு பாப்பா. சும்மா... ஒரு கெத்துக்கு."

"முட்டி மடங்கல மாமா. தாண்டியாச்சுல்ல? போதும்."

என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா புதன்கிழமையே வுட்டிருப்பேன்" என்றாள். மலை இறக்கத்தில் பிரேக் போன லாரியில்கூட வாய் ஓயாதவன் நான். இன்றைக்கு மூடிக்கொண்டேன். ஏன்டா மூடினே? சொல்லித் தொலைய வேண்டியதுதானே? அவள் வேனில் படுத்து நனைந்த ஷூவோடு தூங்கிவிட்டாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. பதினொன்றரை.

பன்னிரண்டுக்கு மழை விட்டது.

ஜூன் 23, திங்கள்

புத்தகத்தைக் கிளப்பில் கொடுத்தாயிற்று. செயலாளர் தன் காரில் வழி முழுக்க ஒருமுறை அளப்பாராம். அதுதான் வழக்கமாம். அளக்கட்டும்.

ஜூன் 25, புதன்

செயலாளர் போன் செய்தார். "பாலத்துலேர்ந்து பங்க் வரைக்கும் இருபத்தேழுதாங்க வருது. நீங்க முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க."

"கல்ல தப்பா நட்டிருப்பான்" என்றேன். வெட்கமே இல்லாமல்.

"என் கார் மீட்டரையுமா தப்பா நட்டான்?"

ஒரு பக்கம் பொய் என்றால் புத்தகம் முழுக்கச் செல்லாதாம். பதினெட்டு மட்டும் போகவில்லை. அவள் மிதித்த ஆயிரத்து நானூற்று எண்பத்தாறும் போயிற்று. மழையில் அவள் ஓட்டியதாகவே எங்கும் இருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்த பாப்பாவிடம் போய்ச் சொன்னேன். பதினெட்டையும் சொன்னேன், ஒரு மணி இருபது நிமிஷத்தையும் சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்பவே சொல்லியிருந்தா ஓட்டியிருப்பேன் மாமா."

"முட்டி மடங்கலன்னு சொன்னியே—"

"ஓட்டியிருப்பேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஜூன் 27, வெள்ளி

ஆபரேஷன். "நீ வெளியிலயே இரு" என்றாள் அக்கா. இருந்தேன். இரண்டு மணி பத்து நிமிஷம்.

ஜூலை 3, வியாழன்

நின்ற இடங்களையெல்லாம் நினைவுபடுத்தி, உள்ளபடி தூரத்தை எழுதி கிளப்புக்கு எடுத்துப்போனேன். ஆறு தாள். செயலாளர் பொறுமையாகப் படித்தார்.

"இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்களே."

"தெரியும். அவ ஓட்டுனது இது. ஒரு ஓரமா வச்சுக்குங்க."

வாங்கி வைத்தார். எந்த ஓரத்திலோ.

ஜூலை 9, புதன்

அக்கா குளிக்கப் போகும்போது, "பக்கத்துல நில்லு, விழுந்துடப் போறா" என்றாள். நின்றேன். பாப்பா கட்டிலிலிருந்து எழுந்து, குச்சி இல்லாமல் கதவை நோக்கி அடி அடியாக நடந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதவோரச் சுவரைப் பிடித்ததும் மூச்சு வாங்கியது. முதுகைக் காட்டியபடியே கேட்டாள். இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எவ்ளோ?"

பத்து என்று நாக்கு நுனிக்கு வந்தது.

"ஒம்போது."

"பத்தாவது அடி?"

"அதுல சுவத்தப் புடிச்சே. சேராது."

சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"எழுதிக்கோங்க."

ஒன்பது.