ரெடிங் படத்துக்குக் கிடைத்த சோடி

என்ரை இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டின நாளில் இருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயரைப் போட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது. நாலு பேர் வாசிப்பார்கள் என்று தெரிந்தும் அப்படியே விடுகிறேன்.

உங்களுக்கு ஒரு செய்தி. ரெடிங் ஸ்டேஷன் படத்துக்குச் சோடி கிடைத்துவிட்டது.

உங்கட அந்த இங்கிலாந்து ரயில் படங்களை நான் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. எனக்கு எல்லாம் ஒரே ரயில்தான். நாட்டை விட்டு ஓடிப்போய், இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் காத்திருந்த காலத்தில் நீங்கள் எடுத்தவை. நீலமும் சாம்பலும் பூசிய பெட்டிகள். கண்ணாடியை இறக்கி, வெளியே கையை விட்டுத் திறக்கிற கதவுகள். நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து சில வருசத்தில், அதே மாதிரியான பழைய பிரிட்டிஷ் பெட்டிகள் இங்கேயும் வந்து, நிறம் மாறி, எங்கள் கிளென் ஈடன் ஸ்டேஷன் வழியாக ஓடத் தொடங்கின. "பாருமப்பா, என்னைத் தேடிக் கப்பலில வந்திருக்கினம்" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னீங்கள்.

கரண்டு ரயில் வந்து அந்தப் பெட்டிகளும் போனபிறகுதான் உங்களுக்கு அந்த ஆசை பிடித்தது. இங்கிலாந்தில் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும், அதே இடத்தில் நின்று இன்றைய படம் ஒன்று எடுக்கவேணும். அன்றைய ரயிலையும் இன்றைய ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று மோர்ட்கேஜ் கட்டிக்கொண்டே இருந்தோம்.

நீங்கள் போன அந்தச் சனிக்கிழமை நான் முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றேன். ரயில் பார்க்கப் போனவர், ஒடாஹுஹு ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்தபடியே நெஞ்சுநோ வந்து போய்விட்டார் என்று சொன்னார்கள். கனநேரம் துடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். அது எல்லாருக்கும் சொல்லுகிற ஆறுதல். வேலையிடத்தில் நானே எத்தனை குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ரயிலில் ஏறவில்லை. தனியே இருந்தீங்களோ? தண்ணி கேட்டீங்களோ? பக்கத்தில் போன சனம், யாரோ நித்திரை கொள்ளுகிறார் என்று பார்த்துவிட்டுப் போனதோ? உங்களை நினைத்தாலே அந்த வாங்குதான் முன்னுக்கு வந்து நின்றது. யாரைக் கேட்கிறது? மகனைக் கேட்டால் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவான்.

நாலைந்து மாதத்துக்கு முன்னம் உங்கட மகன் ஆதவன் அந்தப் படங்களை ஸ்கேன் பண்ணத் தொடங்கினான். இங்கிலாந்து ரயில்களின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துப் போடுகிற ஒரு குழு இணையத்தில் இருக்கிறதாம். அதில் ரெடிங் படத்தைப் போட்டான். அடுத்தநாள் வேலையால் வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றான்.

"அம்மா, முதல்ல இருங்கோ, ப்ளீஸ்."

ஒருவர் பதில் எழுதியிருந்தார். "இந்தப் படத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். ஒடாஹுஹுவில் ஒரு மனிதர் தன்ர ஃபோனில் காட்டினார். அவருக்காக நான் எடுத்த படம் இது. அவரின் பெயர் தெரியாததால் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை." அதோடு ஒரு படம். அதே ரெடிங், இன்றைக்கு.

அவர் பெயர் கீத். இங்கே ஒக்லாந்திலேயே, தகனினியில் மகள் வீட்டில் இருக்கிற வயதான ஆங்கிலேயர். எங்கட வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். நான் வேண்டாம், அந்த ஒடாஹுஹு ஸ்டேஷனிலேயே சந்திப்போம் என்றேன்.

"ஷுவரா அம்மா? அவர் சொல்லுறது கஷ்டமா இருந்தா?" என்று ஆதவன் கேட்டான்.

"தெரியாமல் இருக்கிறதை விடவோ?" என்றேன்.

கீத் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். கையை நீட்டவோ விடவோ என்று அவருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் அந்த வாங்கிலேயே இருந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேரே கேட்டேன்.

"அவர் நோகுது எண்டு சொன்னவரோ?"

கீத் என்ர பக்கம் திரும்பி இருந்தார். பிறகு சொன்னார்: "தோள் கொஞ்சம் நோகுது என்றார். மேல் பட்டனைக் கழற்றிவிட்டேன். அம்புலன்ஸைக் கூப்பிடட்டோ என்றேன். வேண்டாம், உங்கட பிளேன் எப்போது என்று கேட்டார். அடுத்த கிழமை இங்கிலாந்து போகிறேன் என்று அதற்கு முன்னம்தான் சொல்லியிருந்தேன். செங்கல் கட்டடம் இடக்கைப் பக்கம் வரும்படி நில்லுங்கோ, அப்போதுதான் இரண்டு படமும் பொருந்தும் என்றார். சொல்லிவிட்டு என்ர தோளில் சாய்ந்தார். களைத்துப்போனார் என்றுதான் நினைத்தேன்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்திருக்கிறா. அது வரும்வரைக்கும் கீத் உங்கட கையைப் பிடித்தபடி, என்ன கதைக்கிறது என்று தெரியாமல், ரயிலைப் பற்றியே கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், மனுசிக்குத் தெரிந்தால் இண்டைக்கு எனக்கு நல்ல பேச்சு விழும் என்று சிரித்தார்."

ஓம், அன்று நான் கட்டிவைத்த புட்டுப் பெட்டி மேசையில்தான் கிடந்தது. நான் அந்த இடத்திலேயே அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆதவன் என்ர தோளில் முகத்தைப் புதைத்தான். நீங்கள் போன அன்று அழாத பிள்ளை.

பிறகு கீத் இரண்டு படத்தையும் என்ர மடியில் வைத்தார். உங்கட படத்தில் நீலப் பெட்டியின் கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் தலையை நீட்டி நிற்கிறார். கீத்தின் படத்தில் மூக்கு நீண்ட பச்சை ரயில். ஒரு கண்ணாடியும் திறக்காது, கதவு தானாகவே பூட்டும். மேலே கரண்டுக் கம்பி, பின்னால் பெரிய புதுப் பாலம். உங்கட படத்தில் இருந்த எதுவும் இல்லையே என்று நினைத்தேன். ஆதவன்தான் விரலை வைத்துக் காட்டினான். இடக்கைப் பக்கம், அதே செங்கல் கட்டடம், கூரையில் அதே சின்ன மணிக்கூட்டுக் கோபுரம்.

"சரியான இடம் பிடிக்க மூன்று தரம் மாறி நின்றேன்" என்றார் கீத். "பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்."

"அவரையும் எல்லாரும் அப்படித்தான் நினைச்சவை" என்றேன்.

வீட்டுக்கு ரயிலில்தான் வந்தோம். ஜன்னல் பக்கம் இருந்தேன். நெஞ்சில் இருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. துக்கம் போகவில்லை. பயம் போய்விட்டது. இரண்டும் ஒன்று என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இப்போது கீத் மாதத்தில் ஒரு ஞாயிறு சாப்பிட வருகிறார். கத்தரிக்காய்க் குழம்பு உறைக்குது என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் போட்டுக்கொள்ளுகிறார். உங்கட மற்றப் படங்களை அவரும் ஆதவனும் மேசை முழுக்கப் பரப்பி, எது எந்த ஸ்டேஷன் என்று சண்டை பிடிக்கினம். வருகிற வருசம் ஆதவன் இங்கிலாந்து போகப்போகிறான். என்னையும் வரச்சொல்லிக் கேட்கிறான்.

போவேன். ஆனால் உங்களுக்கு நான் தருகிற வாக்கு அது இல்லை. இனிமேல் உங்களை நினைக்கும்போது அந்தக் கடைசி நாளில் இருந்து தொடங்க மாட்டேன். நாங்கள் சேர்ந்திருந்த மற்ற நாள் எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன், ஆறுதலாக.

உங்கட மனுசி,
ஆதவன்ரை அம்மா