ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னாய்

அக்கா, இன்று காலை திடுதிப்பென்று மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காய்ந்த கடலையை மூட எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் சுருட்டிக் கிடந்த ஃப்ளெக்ஸை இழுத்து வந்து விரித்தேன். அதில் உன் மகள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். பக்கத்தில், அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நான். 'காதணி விழா, தாய்மாமன் சீர்' என்று தங்க நிற எழுத்து. நான்கு வருடம் ஆகியும் சாயம் போகவில்லை, சனியன்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பொய். நீ செத்துப் போய்விட்டதால்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

விவாகரத்துக்குப் பிறகு, மச்சான் சம்மதமில்லாமல் யாழினியை ஆஸ்திரேலியாவை விட்டுக் கூட்டிப்போகக் கூடாதென்று அங்கத்திய கோர்ட் சொல்லியிருந்தது. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வருகிறேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவள், நீ திரும்பவே இல்லை. அவர் மதுரையில் ஆட்கொணர்வு மனு போட்டார். நம் ஆலங்குடி வீட்டுக்குப் போலீஸ் மூன்று முறை வந்தது. "இங்கிட்டு வரவே இல்லைங்க சார்" என்று மூன்று முறையும் கையெடுத்துக் கும்பிட்டேன். நீயோ வல்லத்திராக்கோட்டையில், முன்வாசல் பூட்டிய ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாய். அந்த இடம் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்டெல்லா ஆவூர்க்காரி, டீச்சர், உன்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாத பிள்ளைக்குத் தினமும் சாயங்காலம் பஸ் ஏறி வந்து பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

காது குத்தலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். "ஆறு வயசாச்சுக்கா. ஊரு என்ன பேசும்?" என்றேன்.

"ஊருக்கே தெரியக் கூடாதுன்னுதானேடா எலி மாதிரி ஒளிஞ்சு கெடக்கேன்" என்றாய். நான் விடவில்லை. கடைசியில், "சரி, ஆசாரி, நீ, நான், ஸ்டெல்லா. நாலே பேரு. மேளம் கீளம்னு எதுவும் வரக் கூடாது" என்று ஒத்துக்கொண்டாய்.

உன் கல்யாணத்தில் நம் தட்டுகளைப் பார்த்து, "இதுக்குப் பேரு சீராப்பா?" என்று சபையில் மச்சான் சிரித்தது உனக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே வல்லத்திராக்கோட்டைக் கோயில் வாசலில் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டேன்.

காலையில் கோயிலின் பின்வாசல் வழியாக உங்களைக் கூட்டிப் போனேன். யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும், "வேணாம் மாமா, வலிக்கும் மாமா" என்று திமிறினாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

வெளியே வந்துதான் ஃப்ளெக்ஸைப் பார்த்தாய். "கூறு கெட்டவனே! எறக்குடா அத!" என்று அலறினாய். நானே ஏறி அவிழ்த்தேன். "யாரும் பாத்தாங்களாடா?" என்று கேட்டாய்.

"யாருமே பாக்கலக்கா" என்றேன்.

அதற்குள் மச்சான் பார்த்துவிட்டார். முதல் நாள் அதைக் கட்டிய கையோடு படம் எடுத்து, 'பாத்துக்கங்க மச்சான், இதுக்குப் பேருதான் சீரு' என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தேன். கீழே கோயில் பேர், ஊர்ப் பேர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் இரண்டு புரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

எட்டாம் நாள் போலீஸ் நேராக வல்லத்திராக்கோட்டைக்கு வந்தது.

மதுரையில் நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இன்னும் புண் ஆறாத காதைத் தொட்டுக் காட்டி, "மாமா புடிச்சுக்கிட்டாங்க, குத்துனாங்க. நான் அப்பாகிட்ட போறேன்" என்றாளாம். அவளை மச்சானோடு அனுப்பியபோது வராந்தாவில் நீ மண்டியிட்டு, "அம்மா பின்னாடியே வாரேன்டி தங்கம்" என்றாய். உனக்கு விசா கிடைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனில் முகம் பார்ப்பதோடு சரி. "டைம் முடிஞ்சிருச்சும்மா, அப்பா சொல்றாங்க" என்று அவள் வைத்த பிறகும் நீ போனையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"நம்ம இருந்த எடம் வேற யாருக்குடா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாய்.

"வேற யாருக்குக்கா தெரியும்?" என்று உன் கேள்வியையே உனக்குத் திருப்பிக் கொடுத்தேன். அது போதுமாயிருந்தது. மறுநாள் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் பார்க்க, "புள்ள பெத்திருந்தாத்தானேடி ஒனக்கு அது தெரியும்!" என்று கத்தினாய். எட்டு வருடமாகக் குழந்தைக்கு வேண்டிக்கொண்டிருந்தவள் அவள். "மாதா சத்தியமா நான் சொல்லலடி" என்று அழுதாள். பைக்கில் உட்கார்ந்தபடி பார்த்தேன். தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு.

ஒன்றரை வருடம் கழித்து மூளையில் நரம்பு வெடித்து நீ போனாய். மாலையோடு வந்த ஸ்டெல்லாவை வாசலிலேயே மறித்து, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?" என்று கேட்டேன். அக்கா மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஊரே பேசியது. மாலையைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். அதைக்கூட நான் உனக்குப் போடவில்லை.

போன வாரம் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பார்த்தும் உட்காரவில்லை.

"டீச்சர், அங்கிட்டு சீட்டு இருக்குல்ல, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"பரவால்லங்க."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. ஒரு வார்த்தை, அக்கா. ஒரே ஒரு வார்த்தை. 'நான்தான்' என்று சொன்னால் போதும். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் யாழினியின் பல் தடம் அப்படியே இருக்கிறது. புதுக்கோட்டை வந்தது. அவள் இறங்கிப் போனாள். நான் சொல்லவில்லை.